பெட்ரோல் வராத வண்டியும் ஒரு பையன் சொன்ன பேச்சும்

போன மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே, கொல்லைப்புறக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த என் பழைய புல்லட்டை வெளியே உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் ஓடாத வண்டி. புதிதாகப் பெட்ரோல் ஊற்றி, காலையிலிருந்து உதைத்து உதைத்துச் சட்டையெல்லாம் நனைந்துபோய் வந்து நின்றான்.

"தாத்தா, பெட்ரோல் வரவே மாட்டேங்குது. இதுல பம்ப் எங்க இருக்கு?"

"பம்ப்பே கிடையாதுடா" என்றேன்.

அவனால் நம்ப முடியவில்லை. அவன் ஓட்டுவது பம்ப் வைத்த புது வண்டி. சாவியைத் திருப்பினால் டேங்க்குக்குள் 'உய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தப் பம்ப் பெட்ரோலை அழுத்தித் தள்ளும். கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பீய்ச்சும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு நம் நாட்டில் விற்கும் புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் என்ற பொருளே அநேகமாக இல்லாமல் போய்விட்டது. இருபது வயதுப் பிள்ளைக்கு அது தெரியாதது அவன் குற்றமில்லை.

இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து அந்த வண்டியைப் பிரித்து மாட்டினோம். பிரிக்கும்போது அவனுக்குக் கார்புரேட்டரின் கதையைச் சொன்னேன். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். என் வயதுக்காரர்கள் படிப்பீர்கள், உங்களுக்குப் புரியும்.

காற்று உறிஞ்சும் வித்தை

முதலில் கதை. டேனியல் பெர்னூலி என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் 1738-இல் நீரோட்டத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது அதில் வரும் செய்தி. 1797-இல் வெஞ்சூரி என்ற இத்தாலியர், குழாயை நடுவில் ஒடுக்கினால் அந்த இடத்தில் ஓட்டம் வேகமெடுத்து அழுத்தம் குறைவதைச் சோதனை செய்து எழுதினார். இருவர் காலத்திலும் மோட்டார் வண்டி கிடையாது. ஆனால் நாம் ஓட்டிய அத்தனை வண்டிகளின் கார்புரேட்டரும் இந்த ஒரு விதியில்தான் வேலை செய்தது.

1885-இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஒரு எஞ்சினை வைத்து இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார்கள். பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று அதைத்தான் சொல்வது வழக்கம். அதில் பெட்ரோலை உறிஞ்சித் தூவும் ஏற்பாடு இல்லை. பெட்ரோல் இருக்கும் பாத்திரத்தில் காற்றை விட்டு, எழும்பும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பினார்கள். வெயில் அடித்தால் ஒரு மாதிரி, குளிர் அடித்தால் ஒரு மாதிரி என்று ஓடும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் சிரமம்.

1893-இல் திருப்பம் வந்தது. ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் மேபாக்கும், பெட்ரோலை நுண்ணிய துளை வழியாகத் தூவும் கார்புரேட்டரை அமைத்தார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின் மேல் வாயால் நீர் தூவுவதைப் பார்த்துத்தான் அந்த ஹங்கேரிக்காரர்களுக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கார்புரேட்டரை விளக்க அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நம் ஊரில் இஸ்திரி போடுகிறவர் வாயில் தண்ணீரை வைத்துத் துணி மேல் 'ஃபூ' என்று தூவுவாரே, அதே வேலைதான்.

வேலை செய்யும் விதம் இவ்வளவுதான். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையில் தானே இறங்கும். இறங்கி ஒரு சிறு கிண்ணத்தில் நிற்கும். கிண்ணத்தில் ஒரு மிதவை. மட்டம் ஏறினால் மிதவை மேலே வந்து ஓர் ஊசியால் வழியை அடைக்கும். மட்டம் இறங்கினால் வழி விடும். கிணற்றடித் தொட்டியில் பந்துக் குழாய் வைப்போமே, அப்படி. எஞ்சின் மூச்சு இழுக்கும்போது காற்று ஒடுங்கிய குழாய்க்குள் வேகமாகப் பாயும். அங்கே அழுத்தம் குறையும். கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் துளை வழியாக மேலேறித் தூவலாகக் காற்றோடு கலக்கும். கம்ப்யூட்டர், மின்சாரம் எதுவும் இல்லாமல் புவியீர்ப்பும் காற்றழுத்தமும் சேர்ந்து செய்யும் வேலை இது.

திருவொற்றியூருக்கு வந்த வண்டி

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு. புல்லட் என்ற பெயர் 1932-இல் வந்தது. எல்லைக் காவலுக்கும் மலைப்பாதைக்கும் தாங்கும் வண்டி வேண்டும் என்று இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் ரெடிச் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. 1967-இல் ரெடிச் தொழிற்சாலையை மூடினார்கள். 1970-உடன் இங்கிலாந்தில் அந்த வண்டியே நின்றுபோனது. பிறந்த வீடு பூட்டிக் கிடக்க, புகுந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று என்றால் பாருங்கள்.

என் வண்டி அறுபதுகளில் செய்தது. 1978-இல் நான் வாங்கும்போது எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியிருந்தார்கள். அதில் இருந்தது ஆமல் மோனோபிளாக் வகைக் கார்புரேட்டர். ஆமல் என்பது இங்கிலாந்தின் பர்மிங்காமில் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டான பெயர். அதற்கு முந்திய கார்புரேட்டர்களில் மிதவைக் கிண்ணம் பக்கத்தில் தனியாகத் தொங்கும். மோனோபிளாக்கில் கிண்ணமும் உடம்பும் ஒரே வார்ப்பு. ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும், டிக்ளர் என்போம். காலையில் அதை அமுக்கினால் மிதவை தாழ்ந்து, பெட்ரோல் நிரம்பி விரலை நனைக்கும். பிறகு டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரே உதை. விரலில் பெட்ரோல் வாசனை இல்லாமல் நான் ஆபீஸுக்குப் போன நாள் குறைவு.

1981

அப்போது நான் கூட்டுறவுத் துறையில் ஆய்வாளர். திண்டுக்கல் அன்றைக்குத் தனி மாவட்டம் ஆகவில்லை. மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. செம்பட்டி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை என்று கிராமச் சங்கங்களுக்குப் போய்க் கணக்குப் பார்க்கிற வேலை. தவறு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆதாரமில்லாமல் யார் மேலும் ஆட்சேபணைக் குறிப்பு எழுதக்கூடாது என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

அந்த வருடம் மாசி மாதம் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஆறேழு கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு மூச்சுத் திணறுகிற மாதிரி இழுத்து இழுத்து நின்றுவிடும். எவ்வளவு உதைத்தாலும் வராது. புளியமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி உடனே கிளம்பும். மறுபடி ஆறேழு கிலோமீட்டர்.

சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, அதற்கு வேப்பர் லாக் என்று பெயர் என்றார் ஒரு நண்பர். ஈரத்துணியைக் கார்புரேட்டர் மேல் சுற்றினேன். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. ஈரத்துணிதான் வைத்தியம் என்று ஒரு வாரம் நம்பினேன். துணியைச் சுற்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழநி ரோட்டில் எங்களுக்கெல்லாம் வழக்கமான ஒரு ஒர்க்‌ஷாப். நடத்தியவர் ஒரு பாய். கை சுத்தமான, வாய் சுத்தமான மனிதர். அவரிடம் வண்டியை ஒரு ராத்திரி விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, பெட்ரோல் டியூபை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் எடுத்துக்கொண்டு போகிற வழியில் பங்க்கில் டேங்க்கை நிரப்பினேன். மூன்று கிலோமீட்டர்கூடப் போகவில்லை, நின்றுவிட்டது.

அங்கேதான் என் புத்தி தடம் மாறியது. டேங்க் நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கிறது. குறைவாக இருந்தால் தூரம் ஓடுகிறது. அப்படியென்றால் பெட்ரோலில்தான் கோளாறு! அந்தக் காலத்தில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது ஊரறிந்த சங்கதி. 1973 அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. ரேஷன் மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்தது. விலை வித்தியாசம் இருக்கிற இடத்தில் கலப்படம் தானாக வந்துவிடும். முதலில் பங்க்கைச் சந்தேகப்பட்டேன். அதே பங்க்கில் போட்ட என் நண்பரின் ஸ்கூட்டர் ஒழுங்காக ஓடியது. சரி, பங்க் இல்லை. பிறகு யார்?

பாயிடம் ஒரு பையன் வேலை பார்த்தான். பதினாலு பதினைந்து வயது இருக்கும். வண்டிகளுக்குக் காவலாக ராத்திரி ஒர்க்‌ஷாப்பிலேயே படுத்துக்கொள்வான். என் வண்டி ராத்திரி அங்கே நின்றிருக்கிறது. பெட்ரோலை உருவிக்கொண்டு மண்ணெண்ணெயை ஊற்றியிருக்கிறான் என்று கணக்குப் போட்டுவிட்டேன். கணக்குப் பார்க்கிறவன் அல்லவா!

அடுத்த நாள் போய்க் கடை வாசலிலேயே சத்தம் போட்டேன். பையன் மிரண்டுபோய் நின்றான். "நான் எடுக்கல சார்" என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, "சார், டேங்க் மூடியைத் தொறந்து வச்சுட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்" என்றான்.

எனக்கு அது நக்கலாகப் பட்டது. பெட்ரோல் திருட்டைப் பற்றிக் கேட்டால் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஊர்வலம் போகச் சொல்கிறானே என்று ஆத்திரம். "இந்தப் பையன் இங்க இருக்கிற வரைக்கும் என் வண்டி இங்க வராது பாய். எங்க ஆபீஸ் வண்டி ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் ஆபீஸில் ஏழெட்டுப் பேர் அவரிடம்தான் வண்டி விட்டுக்கொண்டிருந்தோம். அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

காது கேட்ட சத்தம்

மூன்று வாரம் கழித்து, வத்தலக்குண்டில் ஒரு சங்கத்தில் கணக்கு முடியவே ராத்திரி ஒன்பதாகிவிட்டது. திரும்பும் வழியில் செம்பட்டிக்கு முன்னால் வண்டி நின்றது. நல்ல இருட்டு. ரோட்டில் ஒரு லாரிகூட இல்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன்.

'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்த சத்தம்.

எத்தனையோ தடவை அந்த மூடியைத் திறந்திருக்கிறேன். பகலில், லாரிச் சத்தத்தில், கோபத்தில், காதில் விழவில்லை. மூடியைத் திருப்பிப் போட்டு, பத்து நிமிடம் காத்திருக்காமல் உடனே உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது.

விளக்கு வெளிச்சத்தில் மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மாசி மாதம் டேங்க்குக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தேன். குலுங்கும்போது பெட்ரோல் கசிந்து பெயிண்ட்டைக் கெடுக்கிறதே என்று பழைய சைக்கிள் டியூபை வட்டமாகக் கத்தரித்து மூடிக்குள் வாஷர் போட்டிருந்தேன். போட்டது நானே. அந்த ரப்பர், மூடியில் இருந்த ஊசித்துளையை அடைத்துக்கொண்டிருந்தது.

அந்தத் துளை எதற்கு? டேங்க்கிலிருந்து எவ்வளவு பெட்ரோல் இறங்குகிறதோ அவ்வளவு காற்று உள்ளே வரவேண்டும். வரவில்லையென்றால் உள்ளே அழுத்தம் குறையும். டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் ஒரு சாண் உயரம்தான் வித்தியாசம். ஒரு சாண் பெட்ரோல் தரும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இருக்காது. டேங்க்குக்குள் அழுத்தம் அந்த அளவு குறைந்தாலே போதும், பெட்ரோல் இறங்காது. பானகச் சொம்பில் போட்ட உறிஞ்சுகுழாயின் மேல்நுனியை விரலால் அடைத்துத் தூக்கினால் பானகம் கீழே விழாமல் நிற்கிறதே, அதே கதை. கொஞ்ச நேரம் நிறுத்தினால் ரப்பரின் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும்.

டேங்க் நிறைந்திருக்கும்போது ஏன் சீக்கிரம் நின்றது என்பதும் அப்போதுதான் விளங்கியது. நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைவு. கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அந்தக் கொஞ்சக் காற்று மெலிந்து அழுத்தம் விழுந்துவிடும். பாதி காலியான டேங்க்கில் நிறையக் காற்று, மெலிய நேரமாகும். நான் கலப்படத்துக்கு ஆதாரமாக வைத்திருந்த அதே விஷயம் மூடி அடைப்புக்குத்தான் ஆதாரம். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் காலையில் முதல் உதையிலேயே மக்கர் பண்ணியிருக்கும், புகை தள்ளியிருக்கும், மேட்டில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டியிருக்கும். என் வண்டியில் இது ஒன்றும் இல்லை. ஒரு வடிதாளில் சொட்டு விட்டு, உலர்ந்த பிறகு கறை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைகூட நான் செய்யவில்லை.

பையன் சொன்னது சரியான வைத்தியம். மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முதல் சோதனை. பத்து வருடம் வண்டி ஓட்டியவனுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பையன் இல்லை. நான் சத்தம் போட்டுவிட்டுப் போன அன்றைக்கே பாய் அவனைக் கன்னத்தில் அறைந்து நிறுத்திவிட்டாராம். "உங்க ஆபீஸ் வண்டியெல்லாம் போயிட்டா நான் என்ன சார் பண்றது" என்றார். வாஷரைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "அவங்க அம்மா ரெண்டு தடவை வந்து அழுதுட்டுப் போச்சு" என்றார். பையன் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று மட்டும் தெரிந்தது. வீடு இருந்த தெருவைக் கேட்டுக்கொண்டு போனேன். குடும்பமே காலி செய்திருந்தது. பிற்பாடு திருப்பூருக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அந்த ஊரில் ஒரு பையனை எங்கே என்று தேடுவது?

எண்ணெயும் மாறியது

அதற்குப் பிறகு என் வண்டியை யார் கையிலும் சந்தேகத்தோடு கொடுத்ததில்லை. பெட்ரோல் வரவில்லையென்றால் மேலிருந்து கீழே வரிசையாக நானே பார்ப்பேன். இன்னும் கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறவர்களுக்காக அந்த வரிசை:

டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் ரிசர்வில் வைத்தால் வருகிறதா? மூடியின் துளை திறந்திருக்கிறதா? இது இரண்டும் சரியென்றால் கார்புரேட்டர் முனையில் பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். விட்டு விட்டு வந்தால் டேப்பின் வலையில் துரு, அல்லது டியூப் மடிந்திருக்கிறது. நன்றாக வந்தால் குறை அதற்குக் கீழே. கார்புரேட்டர் வாயில் ஒரு சல்லடை இருக்கும், அதைக் கழுவுங்கள். பிறகு மிதவை ஊசி. சிக்கிக்கொண்டால் வழி திறக்காது, தேய்ந்துவிட்டால் அடைக்காமல் வழியும். கடைசியில் ஜெட். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்து, துளை பெரிதாகிவிடும். ஆமல் மெயின் ஜெட்டில் பொறித்த எண்ணே நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பெட்ரோல் பாயும் என்ற அளவுதான். கம்பி விட்டால் அந்த அளவு பொய்யாகிவிடும். காற்று ஊதினால் போதும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப்போகும்.

இந்த நாற்பது ஆண்டுகளில் வண்டி அதேதான், பெட்ரோல்தான் மாறிவிட்டது. நான் வாங்கியபோது போட்ட பெட்ரோலில் ஈயம் இருந்தது. எஞ்சின் தட்டாமல் இருக்க ஈயச் சேர்மம் உதவும் என்று 1921-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும். பழைய புல்லட்டின் வால்வு சீட் தாங்காது என்று பயமுறுத்தினார்கள். என் வண்டி தாங்கியது.

பிறகு எத்தனால். 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கி, 2022-இல் 10 சதவீதம் ஆகி, இப்போது 20-க்கு வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுப்பது, வெளிநாட்டு எண்ணெய்ச் செலவு குறையும், நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் அறுபது வருடத்து வண்டிக்கு அது பழக்கமில்லாத சாப்பாடு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், ரொம்ப நாள் நின்றால் தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும், துரு பிடிக்கும். பழைய ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும். அதில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டோடு ஓடும் எஞ்சினுக்குக் கலவை சற்று மெலிந்துபோகும். வண்டியைப் பல மாதம் நிறுத்துவதென்றால் டேங்க்கையும் கிண்ணத்தையும் வடித்துவிட்டு நிறுத்துவது உத்தமம். நான் போன வருடம் அதைச் செய்யவில்லை. வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன்.

பேரனும் நானும் பிரித்தபோது அதுதான் தெரிந்தது. மிதவைக் கிண்ணத்தில் வெல்லப்பாகு மாதிரி பழுப்புப் பிசின். பைலட் ஜெட் முழுக்க அடைப்பு. டேப்பின் வலையில் துருப்பொடி. பெட்ரோல் டியூப் விறைத்துப்போய் வெடித்திருந்தது. எல்லாம் கழுவி, டியூபையும் ரப்பரையும் மாற்றினோம். மூன்றாவது உதையில் அந்தப் பழைய 'டுப் டுப்' சத்தம் வந்ததும், பேரன் கைதட்டினான். அவன் பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா" என்றாள்.

கிளம்புமுன் பேரன் டேங்க் மூடியைக் கையில் எடுத்து, "தாத்தா, இதுக்குள்ள வாஷர் இல்லியே. புதுசா ஒண்ணு போட்டுடலாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்டா. கசிஞ்சா கசியட்டும்" என்றேன்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பேரனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பையனுக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது இருக்கும். பனியன் கம்பெனியில் நின்றுவிட்டானா, மறுபடி ஸ்பானர் பிடித்தானா, எனக்குத் தெரியாது. நல்ல மெக்கானிக் ஆகியிருக்க வேண்டியவன். கணக்குப் புத்தகத்தில் நான் எழுதிய ஆட்சேபணைகளில் தவறானவற்றைப் பிறகு மேலதிகாரியின் அனுமதியோடு சிவப்பு மையில் அடித்து ரத்து செய்திருக்கிறேன். அன்றைக்குக் கடை வாசலில் வாயால் சொன்னதை ரத்து செய்ய வழி கிடைக்கவில்லை. அவன் திருடவில்லை. அவன் சொன்னதுதான் சரி. இதை எங்காவது ஓர் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது.